பிஸ்கற் பேணிக்குள் இருந்த பத்து இலக்கம்

இலண்டனிலே வாடகை மோட்டார் ஓட்டும் தம்பியோ மருமகனோ, அதுவும் இல்லையேல் அயல்வீட்டுப் பிள்ளையோ இல்லாத குடும்பம் நம்மவர்களிடையே அருமை. மாதந்தோறும் வந்து சேரும் பவுணை ரூபாவாக மாற்றி எண்ணத் தெரிந்த நமக்கு, அந்தப் பவுண் அங்கே எந்த ஏட்டில், எவ்வாறு பதியப்படுகின்றது என்று கேட்கும் எண்ணம் தோன்றுவதில்லை. எனக்கும் 2020ஆம் ஆண்டு வரை தோன்றவில்லை.

அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில் என் தம்பியின் மூத்த மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வு பெற்றிருந்த நான், ஆறு வாரத் தவணையில் ஹரோ நகரிலுள்ள அவன் வீட்டுக்குச் சென்றேன். சடங்கு குறைவின்றி நடந்தேறியது. அதன் பின்னரே கொள்ளைநோய் பற்றிய செய்திகள் நாளுக்கு நாள் பெருகலாயின. மார்ச் 19ஆந் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் வருவோருக்கு அடைக்கப்பட்டது. 23ஆந் திகதி இரவு பிரித்தானியப் பிரதமர் பொறிஸ் ஜோன்சன் தொலைக்காட்சியிலே தோன்றி, மக்கள் யாவரும் வீட்டினுள்ளேயே இருத்தல் வேண்டும் என்று கூறினார். ஊருக்குப் போக வழியற்ற நானும், தொழிலுக்குப் போக வழியற்ற தம்பியும் ஒரே மேசையில் இருந்து தேநீர் அருந்தலானோம்.

தம்பி பதினான்கு ஆண்டுகளாக வாடகை மோட்டார்ச் சாரதி. முன்பெல்லாம் உள்ளூர் மோட்டார்க் கந்தோர் ஒன்றிலே வானொலிக் கருவி மூலம் அழைப்புப் பெற்றவன். பின்னர் கைத்தொலைபேசிச் செயலி வழியாக ஓடத் தொடங்கினான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஹீத்றோ விமான நிலையத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வதே அவனுடைய முக்கிய வருவாய். விமானங்கள் நின்றன, பயணிகளும் நின்றார்கள். வார வாடகைக்கு எடுத்திருந்த மோட்டாரை அவன் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று அந்த வெற்றிடத்தைப் பார்த்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஓடுவதற்கு அனுமதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவனுடைய மனைவி விடவில்லை. அவள் பிடிவாதத்தில் நியாயம் இருந்ததென்பது மே மாதத்திலே தெரியவந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 20 முதல் 64 வயது வரையான ஆண்களிடையே, ஏப்ரில் 20 வரை பதியப்பட்ட கணக்கின்படி, நூறாயிரம் பேருக்கு 9.9 பேர் இந்நோயால் மாண்டிருக்க, வாடகை மோட்டார்ச் சாரதிகளிடையே அத்தொகை 36.4 என்று அந்நாட்டுத் தேசியப் புள்ளிவிபரக் கந்தோர் வெளியிட்டது. ஒரு சிறு பெட்டி போன்ற மோட்டாருக்குள் முன்பின் அறியாதவரோடு அரை மணி நேரம் இருந்து மூச்சு விடுவது அன்றோ அத்தொழில்!

மாதச் சம்பளக்காரருக்கு அரசாங்கம் விரைவாகவே கைகொடுத்தது. மார்ச் 20ஆந் திகதி நிதியமைச்சர் றிஷி சுனக், வேலையின்றி வீட்டில் இருத்தப்பட்ட ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 80 வீதத்தை, மாதம் 2,500 பவுணுக்கு மேற்படாமல், அரசே கொடுக்கும் என்று அறிவித்தார். தம்பிக்கோ எசமான் இல்லை. செயலியை நடத்தும் கம்பனி பயணத்தைக் கொடுக்கும். தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பெற்றோல், காப்புறுதி, அனுமதிப்பத்திரம், மோட்டார் வாடகை யாவும் சாரதியின் தலையில். சட்டத்தின் ஏட்டிலே அவன் தனக்குத் தானே முதலாளி. முதலாளியென்ற அந்தப் பெருமையோடு அவன் ஆறு நாள் காத்திருந்தான். 26ஆந் திகதி மாலை சுயதொழில் செய்வோருக்கான வருமான உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பைக் கேட்டுத் தம்பி துள்ளிக் குதித்தான். "அக்கா, எண்பது வீதம்! மாசம் இரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும் தருவாங்களாம்" என்று கூறித் தாளொன்றை எடுத்துப் பெருக்கத் தொடங்கினான். மூன்று மாதத்துக்கு 7,500 பவுண். அந்த இரவு அவன் நிம்மதியாக உறங்கினான். அந்த எண்பது வீதம் எதனுடைய எண்பது வீதம் என்ற கேள்வி எங்களில் ஒருவருக்கும் அன்று எழவில்லை.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

பள்ளிக்கூட ஆசிரியையின் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை போலும். மறுநாள் காலை தம்பியின் மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அரசாங்கத்தின் விதிகளை வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் குறிப்பெடுத்தேன்.

விண்ணப்பிப்பவர் 2018-19 வரியாண்டுக்கான வருமான விபரத் திரட்டை ஏற்கெனவே இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பியிருத்தல் வேண்டும். அனுப்பத் தவறியோருக்கு ஏப்ரில் 23 வரை தவணை. தொழில் இலாபம் ஆண்டுக்கு 50,000 பவுணுக்கு மேற்படலாகாது. அவருடைய மொத்த வருமானத்தில் குறைந்தது பாதியேனும் அந்தச் சுயதொழிலால் வந்ததாக இருத்தல் வேண்டும். தொழில் நோயினாற் பாதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆயினும் தொடர்ந்து செய்யத் தடையில்லை. (இங்கிலாந்தின் வரியாண்டு ஏப்ரில் 6இல் தொடங்கி மறு ஏப்ரில் 5இல் முடிவது. 1752இல் நாட்காட்டியைத் திருத்தியபோது பதினொரு நாளைத் துறந்ததன் எச்சம் இது என்பர். நம்முடைய சித்திரை வருடப் பிறப்பைப் பழைமை என்று பரிகசிக்கும் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லி வைக்கலாம்.)

இவ்விதிகள் வாசிக்க எளியவை. ஆனால் ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவருடைய வாயிலை அடைத்தது. தம்பியின் சிநேகிதர் ஒருவர் பகலிலே பேரங்காடியில் சம்பளத்துக்கு வேலை செய்து, வார இறுதியில் மாத்திரம் மோட்டார் ஓட்டியவர். மோட்டார் வருமானம் பாதிக்குக் குறைந்தமையால் அவருக்கு மானியம் இல்லை. இன்னொருவர், வரி குறையுமென்று கணக்காளர் சொல்லக் கேட்டுத் தம் பெயரில் ஒரு சிறு கம்பனியைப் பதிந்து, அதன் பணிப்பாளராகிப் பங்கிலாபம் பெற்று வந்தவர். மோட்டார் அதே மோட்டார், தெரு அதே தெரு; ஏட்டிலே அவர் சுயதொழிலாளர் அல்லர். அவருக்கும் இல்லை.

இடையிலே சர்வசன உதவிக் கொடுப்பனவுக்கும் தம்பி விண்ணப்பிக்க எண்ணினான். முதற் கொடுப்பனவுக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தருவது கடன். அன்றியும், கையிருப்பு 16,000 பவுணுக்கு மேற்பட்டோருக்கு அது கிடையாது. வீடு வாங்கும் முற்பணத்துக்கென்று புருஷனும் பெண்சாதியும் பத்து ஆண்டு சேர்த்த 18,000 பவுண் வங்கியில் இருந்தது. "சேமித்தவனுக்கு இதுதான் தண்டனையோ" என்று அவன் சினந்தான். எட்டு வாரம் அந்தப் பணத்திலிருந்தே வாடகையும் சாப்பாடும் போயின.

இலக்கம் தேடிய படலம்

மே மாதம் 4ஆந் திகதி, தகுதியுண்டோ இல்லையோ என்று பார்க்கும் வசதி திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு இலக்கங்கள் தேவை. ஒன்று தேசிய காப்புறுதி இலக்கம். அது தம்பிக்கு மனப்பாடம். மற்றையது வரி செலுத்துவோர் ஒவ்வொருவருக்கும் உரிய பத்து இலக்கத் தொடர். அப்படி ஒன்று தனக்கு உண்டென்பதையே அவன் அன்றுதான் அறிந்தான்.

"எல்லாம் கணக்காளரிட்டை இருக்குது" என்றான். கணக்காளரின் கந்தோர் பூட்டியிருந்தது. தொலைபேசி ஓயாமல் ஒலித்ததேயன்றி எடுப்பார் இல்லை. வீட்டைத் தலைகீழாக்கித் தேடினோம். மின்சாரப் பற்றுச்சீட்டுகள், மோட்டார் அபராதக் கடிதங்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள் எல்லாம் வெளிவந்தன. இறுதியில் தம்பியின் மனைவி சமையலறை அலுமாரியின் மேற்தட்டிலிருந்து பழைய பிஸ்கற் பேணி ஒன்றை இறக்கினாள். "மச்சாள், விளங்காத கடதாசி எல்லாம் எறியாமல் இதுக்குள்ளே போட்டு வைச்சனான்" என்றாள். நூல், பொத்தான், ஊரிலிருந்து வந்த விபூதிப் பொட்டலம் ஆகியவற்றின் கீழ் இறைவரித் திணைக்களத்தின் கடிதம் நாலாக மடித்தபடி இருந்தது. அதன் தலைப்பிலே அந்தப் பத்து இலக்கம்!

தகுதியுண்டு என்று பதில் வந்தது. மே 13 முதல் 18 வரை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். தம்பிக்கு 14ஆந் திகதி. ஆனால் இன்னொரு வாயில் இருந்தது. விண்ணப்பத்தைக் கணக்காளர் செய்தல் ஆகாது. அவருடைய நுழைவுச் சொல்லைக் கொண்டு செய்தலும் ஆகாது. உரியவரே தமது பெயரில் அரசாங்க இணைய வாயிலுக்கு அடையாளக் குறியீடும் கடவுச்சொல்லும் எடுத்து, தாம் தாமே என்று நிரூபித்தல் வேண்டும். கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொடுத்தாயிற்று. சம்பளச் சான்று கேட்டார்கள். சுயதொழிலாளனுக்குச் சம்பளச் சான்று ஏது? அதற்குப் பதிலாக அவனுடைய கடன் பதிவிலிருந்து கேள்விகள் வந்தன. கைத்தொலைபேசி ஒப்பந்தம் எந்த ஆண்டில் எடுத்தீர்? வங்கிக் கணக்கு எந்த ஆண்டில் திறந்தீர்?

தம்பி திருதிருவென விழித்தான். அவன் மனைவியோ அடுப்படியில் நின்றபடியே, "மூத்தவள் நேசரிக்குப் போன வருஷம் போனை மாத்தினீங்கள். சின்னவன் பிறக்க முந்தி பாங்கிலை கணக்குத் திறந்தீங்கள்" என்று விடை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னபடி ஆண்டுகளைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். வாயில் திறந்தது.

14ஆந் திகதி காலை விண்ணப்பம் செய்ய எடுத்த நேரம் கால் மணிக்கும் குறைவு. எவ்வளவு வேண்டும் என்று எழுதும் கட்டம் அதில் இல்லை. திணைக்களமே தன்னிடமுள்ள கணக்குகளைப் பார்த்துத் தொகையைக் கணித்துத் திரையிலே காட்டியது.

2,400 பவுண்.

தம்பி திரையைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். "ஒரு மாசத்துக்கோ?" என்று கேட்டான். "இல்லை அப்பா, மூண்டு மாசத்துக்கும் சேத்து" என்றாள் அவள்.

பழைய கணக்கு

அந்தத் தொகை எவ்வாறு வந்ததென்பதை நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததே இதன் பொருட்டு.

2016-17 தொடக்கம் மூன்று வரியாண்டுகளின் தொழில் இலாபத்தைக் கூட்டிச் சராசரி எடுப்பதே முறை. தம்பியின் திரட்டுகளில் அவை முறையே 11,400, 12,600, 12,000 பவுண். கூட்டினால் 36,000, ஆண்டுச் சராசரி 12,000, மாதத்துக்கு 1,000. அதன் எண்பது வீதம் 800. மூன்று மாதத்துக்கு 2,400. திணைக்களம் ஒரு பவுணேனும் பிழை விடவில்லை.

ஆனால் தம்பியின் கையில் ஆண்டுதோறும் புழங்கிய பணம் 30,000 பவுணுக்கும் மேல். பயணக் கட்டணமாக வந்ததில் கம்பனியின் பங்கைக் கழிக்க வேண்டும். அதன் பின் மோட்டார்ச் செலவு. மைல் கணக்கிலே கழிப்பவருக்கு முதல் 10,000 மைலுக்கு மைலொன்றுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் என்று அந்நாளில் விதி இருந்தது. ஆண்டுக்கு 25,000 மைல் ஓடினால் அதுமட்டுமே 8,250 பவுண். இவையெல்லாம் சட்டப்படி கழிக்கக் கூடியவை. யாரும் குறை கூற முடியாது. இவற்றைக் கழித்த பின்பும் இலாபம் 12,000 ஆகக் குறையவில்லை என்பது அவனுக்குத் தெரியும். உள்ளூர்க் கந்தோரில் ஓடிய காலத்திலும் அதன் பின்னரும் காசாகக் கையில் வாங்கிய பயணங்கள் பல. திருமண வீட்டு ஓட்டங்கள், பழகிய குடும்பங்களின் விமான நிலைய ஓட்டங்கள். அவை ஏட்டில் ஏறவில்லை. ஆண்டு முடிவிலே கணக்காளர், "போன வருஷம் போலப் போடுவமோ" என்று கேட்பாராம். இவனும் "போடுங்கோ" என்பானாம்.

2018-19 ஆண்டில் வரியற்ற வருமான எல்லை 11,850 பவுண். 12,000இலிருந்து அதனைக் கழித்தால் மிஞ்சுவது 150. அதற்கு வருமான வரி 30 பவுண். தேசிய காப்புறுதிப் பணம் வேறு. முப்பது பவுண் வரி கட்டிய அந்த ஆண்டு, தம்பி தன் சிநேகிதரிடையே அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன். அவர்களும் கணக்காளரின் கெட்டித்தனத்தை மெச்சி, அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கியவர்கள்.

அன்று மாலை முழுவதும் அவன் பேசவில்லை. இரவு, பிள்ளைகள் படுத்த பின் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அந்தப் பழைய கணக்கைத் திருத்தி இப்ப உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுத்தால் என்ன? வரியையும் தண்டத்தையும் கட்டிப்போடுறன்."

அந்த வழியையும் தேடிப் பார்த்தோம். மார்ச் 26ஆந் திகதிக்குப் பின் திருத்தப்பட்ட எந்தத் திரட்டும் மானியக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது என்று விதி இருந்தது. இவனைப் போல் எண்ணுவோர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைத் திறைசேரியார் முன்கூட்டியே அறிந்திருந்தார்கள் போலும்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அவனைக் கண்டிக்க எனக்கு அன்று மனம் வரவில்லை. மூத்தவள் என்ற முறையில் முன்பே கேட்டிருக்க வேண்டியவள் நான். முப்பது பவுண் வரியைப் பற்றி அவன் தொலைபேசியிலே சொன்ன நாளில், ஊரிலிருந்து நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பணம் 20ஆந் திகதி வங்கிக்கு வந்தது.

கிளிநொச்சிப் பையன்

அவ்வீட்டின் முன்னறையில் கிளிநொச்சிப் பையன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். உணவகங்களிலிருந்து சாப்பாட்டுப் பொதிகளை ஸ்கூட்டரிலே வீடுகளுக்குக் கொண்டு போய்க் கொடுப்பது அவன் தொழில். ஊர் அடங்கியிருந்த அந்த மாதங்களில் அவனுக்கு வேலை நிற்கவில்லை. ஆனால் வேலையிழந்த பலரும் அதே தொழிலுக்கு வந்து சேர, ஒருவனுக்குக் கிடைக்கும் ஓட்டம் பாதியாயிற்று. மழையிலே நனைந்து வந்து, படிக்கட்டிலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கைகளைக் கிருமிநாசினியாற் கழுவிய பிறகே உள்ளே வருவான். என் தம்பிக்கு நோய் வந்துவிடக் கூடாதென்று அவனுக்கு அத்தனை பயம்.

அவனுக்கு மானியம் இல்லை. அவன் தொழில் தொடங்கியது 2019 ஜூனில். 2018-19 திரட்டு அவனிடம் இருக்க நியாயம் இல்லை. 2019 ஏப்ரிலுக்குப் பின் சுயதொழில் தொடங்கியோர் எல்லோரும் இவ்வாறே வெளியில் நின்றார்கள்.

அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அவனுடைய தங்குமதிப் பத்திரத்திலே, வேலை செய்யலாம், ஆனால் பொது நிதியுதவி பெறலாகாது என்று எழுதியிருந்தது. மானியத்துக்குக் கைநீட்டினால் நாளை தன் பத்திரத்தைப் பறித்துவிடுவார்களோ என்று அஞ்சினான். அந்தச் சுயதொழில் மானியம் 'பொது நிதி' என்ற பட்டியலில் சேர்ந்ததன்று என்பதை நாங்கள் வாசித்துக் காட்டிய பின்பும் அவன் முழுதாக நம்பவில்லை. சர்வசன உதவிக் கொடுப்பனவு அந்தப் பட்டியலில் இருந்தது. ஆகையால் அதுவும் அவனுக்கு இல்லை.

ஜூலை மாதம் விசேட விமானமொன்றில் எனக்கு இடம் கிடைத்தது. வந்து பதினான்கு நாள் தனிமைப்படுத்தப்பட்டு, வீடு சேர்ந்தேன். பின்பு நடந்தவற்றைத் தொலைபேசியிலேயே அறிந்தேன்.

தம்பி அந்த ஆண்டு கணக்காளரை மாற்றவில்லை, தன்னை மாற்றிக்கொண்டான். 2019-20 ஆண்டுக்கு உள்ளதை உள்ளபடி எழுதியதில் இலாபம் 14,400 பவுண் என்று காட்டியது. அந்தச் சூட்டோடு முன்னறைப் பையனையும் விடவில்லை. "நீ தொழில் தொடங்கி ஒண்டரை வருஷம் ஆகுது. இன்னும் உன்னுடைய பேர் வரிக் கந்தோரிலே இல்லையெண்டால் நீ ஆர்?" என்று கேட்டு, ஒக்டோபர் 5ஆந் திகதித் தவணைக்குள் பதிவு செய்வித்தான். 2021 ஜனவரியில் அவனுடைய முதலாவது திரட்டும் போய்ச் சேர்ந்தது. மானியத்துக்காக அன்று, அப்படியொன்று வருமென்று அப்போது யாருக்குத் தெரியும்?

2021 மார்ச் 3ஆந் திகதி நிதியமைச்சர் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது, நான்காவது மானியத்துக்கு 2019-20 திரட்டும் ஏற்கப்படும் என்றார். ஆனால் முதல் நாள் நள்ளிரவுக்குள், அதாவது மார்ச் 2ஆந் திகதிக்குள், அனுப்பியோருக்கு மாத்திரமே. அனுப்பாதிருந்தோர் மறுநாள் எத்தனை வேகமாக ஓடினாலும் பயனில்லை. பையன் உள்ளே இருந்தான்.

கதை அங்கும் முடியவில்லை. புதிதாகத் தொழில் தொடங்கியோரை நம்பலாமோ என்று திணைக்களம் சோதித்தது. கடிதம் ஒன்று வந்தது. அதன் பின் தொலைபேசி. அடையாளப் பத்திரமும், தொழில் நடப்பதைக் காட்டும் மூன்று மாத வங்கிக் கூற்றும் வேண்டுமென்று கேட்டார்கள். அந்நாட்களில் வரிக் கந்தோரின் பெயரால் வந்த மோசடிக் குறுஞ்செய்திகளுக்குக் கணக்கில்லை. மானியம் காத்திருக்கிறது, இந்த இணைப்பைத் திறந்து வங்கி விபரத்தைத் தாருங்கள் என்று வாரம் ஒன்றாவது வரும். நாங்கள் அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்த எச்சரிக்கைகளை அவன் நன்றாகவே கற்றிருந்தான். ஆகவே உண்மையான உத்தியோகத்தர் அழைத்தபோது, "நீங்கள் கள்ளர்" என்று கூறித் தொலைபேசியை வைத்துவிட்டான்!

தம்பி வீட்டுக்கு வந்து கடிதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டானாம். பின்பு அரசாங்கத்தின் இணையப் பக்கத்திலே உள்ள இலக்கத்தைத் தாமே தேடி அழைத்து, இரண்டு மணி நேரம் இசை கேட்டுக் காத்திருந்து, பத்திரங்களைக் காட்டி முடித்தார்கள். மே மாதத்தில் பையனுக்குப் பணம் வந்தது. அதில் ஒரு பங்கை அன்றே கிளிநொச்சிக்கு அனுப்பினான் என்று கேள்வி.

மீதி மானியங்கள்

தம்பிக்கு இரண்டாவது மானியம் எழுபது வீதத்தின்படி 2,100 பவுண். மூன்றாவது மறுபடியும் 2,400. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நான்கு ஆண்டுச் சராசரி எடுக்கப்பட்டமையால், உண்மையை எழுதிய அந்த ஓராண்டின் பயனாக, 2,520 பவுண் வீதம் வந்தது. வித்தியாசம் 120 பவுண்தான். ஆனால் அந்த 120 பவுணைப் பற்றி அவன் என்னோடு அரை மணி நேரம் பேசினான்.

ஐந்தாவது மானியத்தில் புதியதொரு சோதனையும் வந்தது. புழக்கம் நூற்றுக்கு 30 வீதமோ அதற்கு மேலோ குறைந்தவருக்கு எண்பது வீதம். அதற்குக் குறைவாகக் குறைந்தவருக்கு முப்பது வீதம் மாத்திரம், அதுவும் 2,850 பவுணுக்கு மேற்படாமல். ஹீத்றோ ஓட்டங்கள் இன்னும் சரியாகத் திரும்பாதிருந்தமையால் தம்பி முதல் வகுப்பிலேயே சேர்ந்தான். பெற்ற மானியத்தைப் புழக்கத்தோடு சேர்க்கலாகாது என்பதை அறியாமல், சேர்த்துக் கணக்கிட்டுத் தமக்கு உரியதைக் குறைத்துக்கொண்ட அப்பாவிகளும் இருந்தார்கள்.

2021 செப்டெம்பர் 30ஆந் திகதியோடு திட்டம் மூடப்பட்டது. ஏறக்குறைய 29 இலட்சம் பேர் குறைந்தது ஒரு முறையேனும் இம்மானியத்தைப் பெற்றனர். செலவு 28 பில்லியன் பவுணுக்குச் சற்று மேல். மானியத்துக்கும் வரி உண்டென்பதைப் பலர் பின்னரே அறிந்தனர். அதே ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி, ஊபர் நிறுவனத்தின் சாரதிகள் தொழிலாளருக்குரிய ஆகக் குறைந்த ஊதியமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் பெறத் தக்கவர்கள் என்று பிரித்தானிய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எனினும் வரி ஏட்டிலே அவர்கள் சுயதொழிலாளராகவே நின்றார்கள். ஒரே மனிதன் ஒரு சட்டத்தில் தொழிலாளி, மற்றொரு சட்டத்தில் முதலாளி! தம்பிக்கு இதை விளக்க முயன்று நான் தோற்றுப்போனேன்.

நம் நாட்டிலும் 2020 ஏப்ரிலிலும் மேயிலும் வருமானமிழந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முச்சக்கர வண்டி ஓட்டும் என் தங்கை மகனும் அதைப் பெற்றான். அவனிடம் யாரும் மூன்று ஆண்டு இலாபத்தைக் கேட்கவில்லை; கிராம அலுவலரின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதே கேள்வி. பட்டியலில் பெயர் சேர்வதற்கு அவன் தாய் எத்தனை முறை நடந்தாள் என்பது வேறு கதை. இலண்டனிலே யாரிடமும் நடக்கத் தேவையிருக்கவில்லை. அங்கே சாட்சி சொன்னது, தம்பி தானே கையொப்பமிட்ட தாள்.

2022 ஜனவரி கடைசியில் தம்பி தொலைபேசி எடுத்தான். முந்திய வரியாண்டுக்கான திரட்டை அன்றுதான் அனுப்பினானாம். முதல் மூன்று மானியங்களும் சேர்ந்த 6,900 பவுணையும் வருமானத்தோடு காட்டியிருந்தான். திருமண வீட்டு ஓட்டம் ஒன்றுக்குக் காசாக வாங்கிய 40 பவுணையும் எழுதினானாம். "அதையும் எழுதத்தான் வேணுமோ எண்டு கணக்காளர் கேட்டவர், அக்கா" என்றான்.

"நீ என்ன சொன்னாய்?"

"முதலில் எழுதுங்கோ, பிறகு கதைப்பம் எண்டன்."

பின்னால் அவன் மனைவியின் குரல் கேட்டது. அந்தப் பிஸ்கற் பேணி நிறைந்துவிட்டதாம். ஊரிலிருந்து யாராவது வந்தால், பனங்கட்டி போட்டு அனுப்பும் பெரிய பேணி ஒன்று கொடுத்துவிடும்படி மச்சாளிடம் சொல்லச் சொன்னாள்.